உட்கார இடம் கேட்டவர்கள்

கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடை வேலை பார்த்த பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். தாகம் எடுக்காமல் இல்லை. குடித்தால் ஒதுங்க வேண்டிவரும், ஒதுங்க இடம் கிடையாது. கடை இருந்த கட்டடத்தில் கழிப்பறையே இருக்காது. இருந்தாலும் அது ஆண்களுக்கென்று ஆகியிருக்கும். அவசரம் தாங்காதவர்கள் பக்கத்து ஹோட்டலில் டீ குடிக்கும் சாக்கில் உள்ளே போய்வருவார்கள். டீக்கான காசு தன் கூலியிலிருந்து போகும். போய்வந்த நேரத்துக்குக் கடையில் பேச்சும் வாங்க வேண்டும். மற்றவர்கள் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பியது முதல் இரவு வீடு திரும்பும்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். சிறுநீர்த் தொற்றும் கர்ப்பப்பைக் கோளாறும் அந்தத் தெருவின் தொழில் நோய்களாயின.

அங்கே தையல் வேலை பார்த்துவந்த பி. விஜி, 2009 வாக்கில் இந்தப் பெண்களைக் கூட்டிப் பேசத் தொடங்கினார். ‘பெண்கூட்டு’ என்று பெயர் வைத்தார்கள். பதின்வயதிலேயே தையல் கடைக்கு வந்துவிட்டவர் விஜி. பின்னால் பெரிய கட்சியோ பெரிய தொழிற்சங்கமோ இல்லை. அவர்கள் கேட்டது முதலில் கழிப்பறை. பிறகு, வேலை நேரத்தில் உட்கார ஒரு நாற்காலி. பொருளாதார நீதி, சமூக நீதி என்று மேடைகளில் நாம் சொல்லும் பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வாய்விட்டுக் கேட்கவே கூச்சப்படும்படி சின்னவை. அந்தக் கூச்சத்தைத் தாண்டி, மூத்திரம் போக இடம் வேண்டும் என்று சில பெண்கள் கடைத்தெருவில் நின்று சொன்னதைத் தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றின் பெரிய நிகழ்வுகளில் ஒன்றாகவே நான் கருதுகிறேன். கூலி உயர்வு கேட்பதற்குக் கொடி உண்டு, கோஷம் உண்டு, நூறாண்டுப் பழக்கம் உண்டு. உடம்பின் பேரில் கேட்பதற்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. கேட்டவர்களே அதற்கான பேச்சையும் உண்டாக்க வேண்டியிருந்தது.

நிற்பதை ஒரு வேலையாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளச் சீட்டிலும் அது வராது. ஆனால் உடம்பு கணக்கு வைத்துக்கொள்கிறது. காலுக்கு இறங்கிய ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேலேற வேண்டும். ஆடுதசை சுருங்கும்போதெல்லாம் அது ரத்த நாளத்தை அழுத்தி மேலே தள்ளுகிறது. நாளத்துக்குள் இருக்கும் சிறு வால்வுகள் ரத்தம் மறுபடி கீழே இறங்காமல் தடுக்கின்றன. நடக்கிறவருக்கு இது தானாக நடந்துவிடும். ஒரே இடத்தில் நிற்கிறவருக்குத் தசை அசைவதில்லை. ரத்தம் தேங்கும், நாளம் புடைக்கும், வால்வு தளரும். மாலையில் பாதம் வீங்கிச் செருப்புக்குள் நுழையாது. சில ஆண்டுகள் போனால் கெண்டைக்காலில் ரத்த நாளம் சுருண்டு நீலமாக எழும்பித் தெரியும். மாதவிலக்கு நாள், கர்ப்ப காலம், முதல் நாள் இரவு குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூங்காத நாள் எல்லாமே நிற்கும் நாட்கள்தாம். கடை காலியாக இருக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஒரு பெண் நிற்பதால் கடைக்கு ஒரு ரூபாயும் கூடுவதில்லை. அந்த இரண்டு மணியைத்தான் நாம் யோசிக்க வேண்டும். லாபத்துக்காகத்தான் நிறுத்திவைக்கிறார்கள் என்றால் ஆளில்லாத கடையில் ஏன் நிறுத்திவைக்கிறார்கள்?

துணி விற்பது நின்றுகொண்டு செய்யும் தொழிலாக எப்போதும் இருந்ததில்லை. பழைய ஜவுளிக் கடைகளில் தரையைவிடச் சற்று உயர்ந்த மேடை இருக்கும். அதன்மேல் மெத்தை, வெள்ளை விரிப்பு. கடைக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார். வாங்க வந்தவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்காருவார்கள். புடவையின் தலைப்பு இருவருக்கும் நடுவில் விரியும். காஞ்சிபுரத்தில் பட்டெடுக்கப் போனால் பல கடைகளில் இன்றும் இப்படித்தான். கடையிலேயே விலை கூடிய சரக்கான கல்யாணப் புடவை, இருபக்கமும் உட்கார்ந்தபடி, அவசரமில்லாமல் கைமாறுகிறது. அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தவன் ஒருவன்தான்: உள்ளிருந்து சரக்கு எடுத்துக்கொடுத்து மடித்து அடுக்கும் பையன். கண்ணாடி கவுன்ட்டரும் பல மாடிக் கட்டடமும் வந்த பிறகு வியாபாரம் வளர்ந்தது, உட்கார்ந்து விற்றவர் கல்லாவுக்கும் ஏசி அறைக்கும் போனார். நின்ற பையனின் இடம் மட்டும் பல மடங்காகப் பெருகியது. அந்த இடத்தில்தான் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் நிற்கிறார்கள்.

முதலாளிகளைக் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: கஸ்டமர் வரும்போது நீ உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காது. இந்த மரியாதை எங்கிருந்து வருகிறது என்பது தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. யார் முன்னால் யார் உட்காரலாம், யார் எழுந்து நிற்க வேண்டும், தோள் துண்டை யார் எங்கே எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் என்பதையெல்லாம் பண்ணையும் ஊரும் நெடுங்காலம் வகுத்து வைத்திருந்தன. டீக்கடை பெஞ்சில் யார் உட்காரலாம் என்பதற்காக இந்த மாநிலத்தில் ரத்தம் சிந்தியிருக்கிறது. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில் மன்றக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியானது. மற்றவர்கள் நாற்காலிகளில் இருக்க, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரான தலித் பெண் தரையில் உட்காரவைக்கப்பட்டிருந்தார். அங்கே தரையில் உட்கார வைத்தார்கள், இங்கே நிற்க வைக்கிறார்கள். இரண்டிலும் நாற்காலி இன்னாருக்குத்தான் என்ற விதி ஒன்றுதான். அதனால்தான் ஆளில்லாத பிற்பகலிலும் அவள் நிற்க வேண்டியிருக்கிறது. வியாபாரத்துக்கு அவள் நிற்பது தேவைப்படவில்லை. அவள் யார் என்பதை அவளுக்கு நாள் முழுவதும் நினைவூட்டத்தான் அது தேவைப்படுகிறது. கூலியைப் பற்றிய சண்டையில் முதலாளி கணக்குப் போட்டு இறங்கிவருவார். நாற்காலியைப் பற்றிய சண்டையில் அவ்வளவு எளிதில் இறங்கி வராததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

இங்கிலாந்தின் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. 1899-இல் அங்கே கடை ஊழியர்களுக்கு இருக்கை வழங்கும் சட்டம் ஒன்று வந்தது. கடையில் வேலை பார்க்கும் பெண்கள் மூவருக்கு ஒரு இருக்கையாவது வைக்க வேண்டும் என்றது அது. அந்தச் சட்டம் வருவதற்குச் சற்று முன், 1896 முதல் 1898 வரை, ஒரு பெண் லண்டன் கடைகளில் வேலைக்குச் சேர்ந்து, உள்ளே நடப்பதைக் குறிப்பெடுத்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தார். மார்கரெட் பாண்ட்ஃபீல்ட் என்ற அவர் பதினான்கு வயதில் வீட்டைவிட்டுத் துணிக் கடைக்கு வந்தவர். அந்நாளைய துணிக் கடை ஊழியர்கள் கடைக்காரர் கொடுத்த விடுதியிலேயே தங்கி, அவர் போட்ட சாப்பாட்டையே சாப்பிட்டாக வேண்டும். அதற்கான செலவைக் கூலியில் கழித்துக்கொள்வார்கள். சின்னச் சின்னத் தவறுகளுக்கெல்லாம் அபராதம். இரவில் குறித்த நேரத்துக்குக் கதவு பூட்டப்படும். பாண்ட்ஃபீல்ட் கடை ஊழியர் சங்கத்தின் பத்திரிகையில் புனைபெயரில் எழுதினார், அந்தச் சங்கத்தின் துணைச் செயலாளரானார், 1929-இல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சரும் ஆனார். அதே அமைச்சர்தான் 1931-இல் மணமான பெண்கள் பலருடைய வேலையில்லா உதவித்தொகையை வெட்டிய சட்டத்தைக் கொண்டுவந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து ஒருவர் அமைச்சரவைக்குப் போவது பெரிய வெற்றி. போனவரைத் தொடர்ந்து கேள்வி கேட்க ஒரு சங்கம் வெளியே உயிரோடு இருந்தால்தான் அந்த வெற்றி கவுன்ட்டரில் நிற்பவளுக்கும் உரியதாகிறது.

விடுதி, அபராதம், பூட்டிய கதவு என்றதும் தமிழ் வாசகருக்குச் சென்னை தியாகராய நகரின் ரங்கநாதன் தெரு நினைவுக்கு வந்திருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிவந்து, கடையின் இடத்திலேயே தங்கவைத்து, கடைச் சாப்பாட்டைப் போட்டு, காலை முதல் இரவு வரை நிறுத்திவைக்கும் ஏற்பாட்டை 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ பெரும்பாலான தமிழர்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தது. படம் ஓடியது, பேசப்பட்டது, பலர் அழுதார்கள். அழுதவர்களில் பலர் அடுத்த தீபாவளிக்கும் அங்கேதான் துணி எடுத்தோம். அது குற்றம் என்று சொல்லவில்லை. மலிவாக எடுக்க வேறு இடம் இல்லாதவர்களே அந்தத் தெருவை நிறைக்கிறார்கள். ஒரு படம் இரக்கத்தை உண்டாக்கலாம். இரக்கத்தை ஒரு கோரிக்கையாக மாற்ற, அந்தக் கோரிக்கையை எழுதி யாரிடமாவது கொடுக்க, கொடுத்த பிறகு பதில் வரும்வரை வாசலில் உட்கார, ஆட்கள் வேண்டும். சென்னையில் அந்த ஆட்கள் திரளவில்லை. கோழிக்கோட்டில் திரண்டார்கள். ஏன் என்ற கேள்வி என்னை நெடுநாளாகத் தொந்தரவு செய்கிறது.

நம் சட்டங்களும் இந்தப் பெண்களைப் பார்க்கத் தவறியிருந்தன. 1948-இன் தொழிற்சாலைச் சட்டத்தில் 44-ஆவது பிரிவு, நின்றபடி வேலை செய்ய வேண்டியிருக்கும் தொழிலாளர்கள் இடையே ஓய்வு கிடைக்கும்போது உட்காருவதற்குத் தக்க ஏற்பாடு செய்துதர வேண்டும் என்று சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு சென்னை மாகாணம் இயற்றிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், வார விடுமுறை எல்லாம் இருந்தன. உட்காருவது பற்றி ஒரு வரி இல்லை. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, வேலைநிறுத்தம் இருந்தது, ஆலை நின்றால் ஊரே நிற்கும் என்ற பயம் அரசுக்கு இருந்தது. கடைச் சிப்பந்திக்கு இவை இருக்கவில்லை. அவர் நாலைந்து பேர் வேலை பார்க்கும் கடையில் முதலாளியின் கண் பார்வையிலேயே நாளைக் கழிப்பவர். யார் அரசைப் பயமுறுத்த முடியுமோ அவர்களுடைய கால் வலிதான் சட்டத்தில் இடம்பிடித்தது.

2014 டிசம்பர் 30 அன்று திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையின் முன்னால் ஆறு பெண்கள் உட்கார்ந்தார்கள். விஜியும் தோழிகளும் தொடங்கியிருந்த அமைப்புசாராத் தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்தவர்கள் அவர்கள். சேர்ந்ததைத் தொடர்ந்து தூரத்துக் கிளைகளுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். மாதம் சில ஆயிரம் சம்பளத்தில் வீட்டை நடத்தும் பெண்ணை வேறொரு ஊருக்கு மாற்றுவது வேலையை விட்டுப் போ என்று சொல்வதேதான். ஆனால் அதைக் காகிதத்தில் நிரூபிக்க முடியாது. உட்காரும் போராட்டம் என்றே அதற்குப் பெயர் வந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. மேற்கூரை இல்லாத தெருவோரம், பகல் வெயில், பார்த்துவிட்டுப் போகும் ஊர்க்காரர்கள், வீட்டில் கேள்விகள். பெரிய நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் நெடுநாள் திரும்பிப் பார்க்கவில்லை. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும்தாம் கேரளத்தில் அவர்களுடைய பெரிய விளம்பரதாரர்கள். ஃபேஸ்புக்கில் யாரோ படம் போட்டு, யாரோ பகிர்ந்து, அந்த வழியில்தான் விஷயம் வெளியே போனது. தொழிற்சங்கங்களுக்குப் பேர்போன மாநிலம் அது. ஆயினும் பெரிய சங்கங்கள் இந்தப் போராட்டத்தைத் தம்முடையதாக எடுத்து நடத்தவில்லை. இடதுசாரிகள்மேல் எனக்கு மதிப்பு உண்டு. மதிப்பு இருப்பதனாலேயே இது வலிக்கிறது. தொழிலாளி என்றதும் அவர்கள் மனத்தில் எழும் உருவம் ஆணாக இருந்தது. அவனுக்குக் கழிப்பறை ஒரு பிரச்சினையாகத் தோன்றியிருக்காது.

அடுத்த ஆண்டு, 2015 செப்டம்பரில், மூணாறில் தமிழ்ப் பெண்கள் இறங்கினார்கள். தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாகக் கொழுந்து கிள்ளும் தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். போனஸைக் கம்பெனி 10 சதவீதமாகக் குறைத்துவிட்டிருந்தது. ஆயிரக்கணக்கில் நகரத்துக்குள் வந்து சாலையில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்கள் பேச வந்தபோது அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் உழைப்பில் சந்தா வாங்கிக்கொண்டு கம்பெனியோடு சேர்ந்துவிட்டீர்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. ஒன்பது நாளில் 20 சதவீதம் பெற்றார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்தது. உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்றார்கள், பிறகு பிளவு வந்தது, தலைமையில் இருந்தவர்கள் வெவ்வேறு திசைகளில் போனார்கள். இந்தப் பிளவைக் காட்டி, பெண்களால் அமைப்பாக நிற்க முடியாது என்று பேசியவர்கள் உண்டு. ஆண்களின் சங்கங்கள் எத்தனை முறை உடைந்திருக்கின்றன என்பதை நாம் பட்டியல் போடுவதில்லை. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்த பெண்கள், அமைப்பு நடத்தவும் கற்றுக்கொள்ள வேண்டும், மறுநாள் காலை மலையேறிக் கொழுந்தும் கிள்ள வேண்டும், மாலையில் அடுப்பும் மூட்ட வேண்டும். ஒன்பது நாள் அவர்கள் பிடித்துவைத்த ஒற்றுமைக்கு எவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கும் என்பதையே நான் நினைத்துப் பார்க்கிறேன்.

2018 ஜூலையில் கேரள அமைச்சரவை கடைகள் சட்டத்தைத் திருத்த முடிவு செய்தது. அக்டோபரில் அவசரச் சட்டமாக வந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்பது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் ஒரு வழியாக நுழைந்தது. அந்த ஆண்டு உலகெங்குமிருந்து நூறு பெண்களைத் தேர்ந்தெடுத்த பி.பி.சி.யின் பட்டியலில் விஜியும் இருந்தார். தமிழ்நாட்டுக்கு இது மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழு 2019-இல் ஒப்புக்கொண்ட யோசனை, 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவாகி நிறைவேறியது. எதிர்ப்பு இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. 1947-இல் விடுபட்ட வரி 74 ஆண்டுகள் கழித்துச் சேர்க்கப்பட்டது. நல்ல செயல், அரசைப் பாராட்டவும் வேண்டும். ஆனால் தமிழ்நாட்டின் கடைப்பெண்கள் அதைத் தெருவில் உட்கார்ந்து வாங்கவில்லை. அது அவர்களுக்குக் கிடைத்தது. இந்த வேறுபாடு நடைமுறையில் எங்கே போய் முடிகிறது என்பதை மதுரையில் ஒரு கடையில் புடவை எடுத்துப்போட்ட பெண்ணோடு பேசியபோது தெரிந்துகொண்டேன்.

“உக்கார ஸ்டூல் குடுத்திருக்காங்களாம்மா?” என்று கேட்டேன்.

“குடுத்திருக்காங்கக்கா. அந்தா கிடக்கு பாருங்க.” ஸ்டூலின்மேல் அட்டைப் பெட்டிகள் இருந்தன. “உக்காந்தா சூப்பர்வைசர் அண்ணே கேமராவுல பாத்துருவாரு. கஸ்டமர் இல்லைன்னா பக்கத்து செக்ஷன்ல போய் மடிச்சு வைன்னு சொல்லுவாரு. அதான் யாரும் உக்கார்றதில்ல.”

“சட்டமே வந்திருச்சே.”

“தெரியும்க்கா, வாட்ஸ்அப்புல வந்துச்சு. யாருகிட்ட போய்ச் சொல்றது? நாங்க கடை ஹாஸ்டல்ல இருக்கோம். வேலைய விட்டு நிப்பாட்டுனா அன்னிக்கு ராத்திரி எங்கக்கா படுக்கிறது?”

புதிய பிரிவின் வாசகம் கவனமாக எழுதப்பட்டதுதான். எல்லா ஊழியர்களுக்கும் தக்க இருக்கை வேண்டும், வேலைக்கிடையே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள முடிய வேண்டும் என்கிறது. அந்த வாய்ப்பு எப்போது கிடைத்தது என்று தீர்மானிப்பவர் யார்? மடித்த புடவையை மறுபடி மடிக்கச் சொல்லும் அதிகாரம் ஒருவர் கையில் இருக்கும்வரை வாய்ப்பு ஒருபோதும் வராது. கலிஃபோர்னியாவில் இதே கேள்வி காசாளர்களின் வழக்காக வந்தபோது, அந்த மாநில உச்ச நீதிமன்றம் 2016-இல் ஒரு பதில் சொன்னது: வேலையின் தன்மை உட்கார இடம்கொடுக்கிறதா என்பதை அந்த இடத்தில் செய்யும் வேலைகளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், முதலாளியின் விருப்பம் மட்டும் போதாது. இங்கே அப்படி ஒரு விளக்கத்தைப் பெற யாராவது வழக்குப் போட வேண்டும். வழக்குப் போடுகிறவர் வேலையில் இருக்க வேண்டும், வழக்கு முடியும்வரை சோறும் கூரையும் இருக்க வேண்டும். தனியொரு பெண்ணால் ஆகிற காரியம் இல்லை இது.

சங்கம் பதிவு செய்வதும் முன்புபோல் இல்லை. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம் என்றிருந்தது. 2001-இல் வந்த திருத்தம், அந்த நிறுவனத்தில் அல்லது அந்தத் தொழிலில் வேலை செய்பவர்களில் பத்து சதவீதம் அல்லது நூறு பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் வேண்டும் என்று மாற்றியது. தெருத்தெருவாக, கடைக்கு ஐந்து பேராகச் சிதறிக் கிடக்கும் பெண்களிடம் நூறு கையெழுத்து வாங்குவது எத்தனை நாள் வேலை என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கையெழுத்தும் ஒரு பெண்ணின் வேலையைப் பணயம் வைப்பது. சங்கம் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அண்மை உதாரணம் இருக்கிறது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகளில் நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன. மூன்று நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். பத்தே நாள். ஆலைத் தொழிலாளிக்கு 1948-இல் இருந்த அதே பலம் இன்றும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஜவுளிக் கடையில் எட்டு மணி நேரச் சட்டம் நாள்தோறும் மீறப்படும்போது யாரும் வெளிநடப்பு செய்வதில்லை.

சென்னையில் ஏன் திரளவில்லை என்ற கேள்விக்கு மதுரைப் பெண்ணின் பேச்சில் எனக்குப் பதில் கிடைத்ததாக நினைக்கிறேன். மிட்டாய்த் தெருவின் பெண்கள் இரவில் தங்கள் வீட்டுக்குப் போனவர்கள். வீட்டில் ஆயிரம் தொல்லை இருக்கலாம், ஆனால் முதலாளி அங்கே கதவைப் பூட்டமாட்டார். வேலை போனாலும் படுக்க இடம் இருக்கும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளிடம் கடைக் கதையைப் பேசலாம், யாரும் கேமராவில் பார்க்கமாட்டார்கள். கடை விடுதியில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிந்தவர் என்று அந்த நகரத்தில் இருப்பவர்கள் கூட வேலை செய்பவர்களும் சூப்பர்வைசரும்தான். வார விடுமுறை கிடைத்தாலும் வெளியே போய்வர வார்டனிடம் சொல்ல வேண்டும். இரண்டு ஊர்ப் பெண்களுக்கும் துணிச்சலில் வித்தியாசம் இருப்பதாக நான் நம்பவில்லை. சோம்பல் என்றும் பயம் என்றும் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பதினேழு பதினெட்டு வயதில் தெரியாத நகரத்துக்கு ரயிலேறி வந்து, ஊருக்குப் பணம் அனுப்பி, தங்கையைப் படிக்கவைக்கிற பெண்ணைப் பயந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கிலாந்தின் கடை ஊழியர் சங்கம் விடுதி முறையை ஒழிக்கப் பல ஆண்டுகள் போராடியதன் காரணம் இப்போது புரிகிறது. கூலி, நேரம், இருக்கை எல்லாவற்றையும் பேச வேண்டியவர்கள் முதலில் பேசுவதற்கு ஒரு மாலையும் ஓர் இடமும் வேண்டியிருந்தது.

இங்கே வேலையைத் தொடங்க நினைக்கிறவர்கள் அதனால் நாற்காலியிலிருந்து தொடங்க வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கடைத்தெருக்களுக்குப் பக்கத்தில், கடைக்காரர்களுக்குச் சம்பந்தமில்லாத, குறைந்த வாடகைக்குப் பெண்கள் தங்கும் விடுதிகள் வேண்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு ‘தோழி’ விடுதிகளைக் கட்டிவருகிறது. அவற்றில் ஜவுளிக் கடைப் பெண்ணின் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் படுக்கைகள் எத்தனை என்று கேட்க வேண்டும், வேலையிழந்த பெண் மூன்று மாதம் வாடகையின்றித் தங்க முடியுமா என்றும் கேட்க வேண்டும். தொழிலாளர் துறையின் உதவி ஆய்வாளருடைய தொலைபேசி எண் கடையின் நோட்டீஸ் போர்டில் இருப்பதைவிட, அந்த விடுதியின் சுவரில் இருக்க வேண்டும். புகார் கொடுத்தவரின் பெயர் கடைக்குப் போகாது என்று எழுத்தில் உறுதி வேண்டும். ஆய்வாளர் வருவதானால் பிற்பகல் இரண்டு மணிக்கு வரட்டும். ஸ்டூல்மேல் இருப்பது ஆளா அட்டைப் பெட்டியா என்று அப்போதுதான் தெரியும்.